பின்சக்கரத்து நான்கு எண்கள்

டிரைவரம்மா ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொண்டு வந்து நின்ற அன்று, அந்தத் தெருவில் பாதிப் பேர் சன்னலுக்கு வந்தார்கள். மீதிப் பேர் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவர் இருபத்தொன்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அந்தத் தெருவில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் ஏதாவது ஒரு காலத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, "உட்காரு, வண்டி நிக்கட்டும்" என்று கண்ணாடி வழியாக அதட்டு வாங்கியவர்கள்தான். பெட்டி மாதிரி உயரமான வண்டியின் உச்சியிலேயே பார்த்துப் பழகிய மனுஷி, தரையோடு தரையாகக் கிடந்த கருநீல இரண்டு சீட்டு வண்டிக்குள்ளிருந்து ஒரு கையைக் கதவில் ஊன்றி, ஒரு காலை வெளியே வைத்து, மூச்சு விட்டு, மறுகாலையும் எடுத்து வைத்து நிமிர்ந்தபோது, சிரிப்பதா கைதட்டுவதா என்று யாருக்கும் தெரியவில்லை.

வண்டி புதிதில்லை. ஒரு பல் டாக்டர் வைத்திருந்தது. அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வண்டிக்குள் இறங்க முடிந்ததே தவிர வெளியே வர முடியவில்லை. ஒரு நாள் கிளினிக் வாசலில் இரண்டு நோயாளிகள் சேர்ந்து அவரைத் தூக்கிவிட வேண்டியதாகிப் போனது. அன்று மாலையே விற்பனைக்கு என்று எழுதி ஒட்டிவிட்டார்.

"அம்மா, உனக்கு அறுபது வயசு," என்றாள் மகள்.

"அம்பத்தொன்பது."

"ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். நான் ஓட்டுறேன், அவங்க சிரிக்கிறாங்க. யாருக்கும் நஷ்டமில்ல."

புருஷன் ஒருவர்தான் சண்டை போடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. எதையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து இரண்டு தரம் பார்த்த பிறகுதான் பேசுவார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு சீட்டுதானே? அதுல ஒண்ணு எனக்கா?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான்."

"அப்ப சரி."

ஆசைப்பட்டு வாங்கினாரே தவிர, அது கண்மூடித்தனமான ஆசை இல்லை. இருபத்தொன்பது வருஷமும் நாற்பத்திரண்டு பிள்ளைகளின் உயிரை முதுகில் சுமந்துகொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் முட்டைக் கூடையைத் தூக்கிப் போகிறவளைப் போல ஓட்டியிருந்தார். ஏரிக்குப் போகிற மலைப்பாதையில் பதினேழு வளைவுகள். வருஷத்துக்கு ஒரு முறை பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகும்போது அந்தப் பதினேழையும் ஊர்ந்து கடப்பார். ஒரே ஒரு நாள், ஒரு வளைவையாவது வளைவு மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் மனதில் இருந்தது. அவ்வளவுதான். அதற்குப் போய் மகள் ஏன் அழுதாள் என்று அவருக்குப் புரியவில்லை.

வண்டியை வாங்கும்போதே டயரைத்தான் முதலில் பார்த்தார். இஞ்சினை அப்புறம் பார்த்தார். முன்சக்கரம் இரண்டும் மொட்டை. பின்சக்கரம் இரண்டும் வேறு கம்பெனி, அதுவும் குளிர்காலத்துக்கானது. அந்த ஊரில் குளிரும் கடுமை, வெயிலும் கடுமை. குளிர்காலத்துக்கு ஒரு செட், கோடைக்கு ஒரு செட் என்று மாற்றிக்கொள்வார்கள். கோடை டயரின் ரப்பர் சூட்டில் இளகி ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். குளிரில் பலகை மாதிரி விறைத்துப் போகும். எல்லாக் காலத்துக்கும் ஆகும் என்று ஒரு ரகமும் விற்கிறார்கள். அது, கூப்பிட்ட வேலைக்கெல்லாம் வருகிற ஆள் மாதிரி. வருவான், ஆனால் எந்த வேலையும் சுத்தமாக இருக்காது.

மூன்று வாரம் டயர் தேடினார். பழைய காலண்டர் தாள்களின் முதுகில் கட்டம் போட்டு, சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பி வைத்தார். சோதனை முடிவுகளைப் படித்தார், பழைய டிரைவர்களுக்குப் போன் போட்டார். கடைசியில் மூன்று டயர் தேறின. முதலாவது பந்தயக்காரர்கள் கொண்டாடுகிற டயர். காய்ந்த ரோட்டில் பசை போட்டு ஒட்டின மாதிரி நிற்கும். ஒரே கோடையில் தேய்ந்தும் போகும். மழை வந்தால் அதன் வீரம் அடங்கிவிடும். இரண்டாவது சத்தமில்லாமல் ஓடும், நாலு வருஷம் உழைக்கும், ஆனால் வளைவில் சோம்பேறி. மூன்றாவது, காய்ந்த ரோட்டில் முதலாவதுக்கு ஒரு படி கீழே. ஈர ரோட்டில் மட்டும் மற்ற இரண்டையும்விடச் சீக்கிரம் நின்றது.

"எவ்வளவு சீக்கிரம்?" என்றார் புருஷன்.

"ஏழு மீட்டர்."

அவர் லென்ஸைப் பார்ப்பது போல அந்த எண்ணைப் பார்த்தார். டிரைவரம்மா எழுந்து, அடுப்படிச் சுவரிலிருந்து வாசல் கதவு வரைக்கும் அடி வைத்து நடந்தார். ஏழு மீட்டர் என்றால் வீட்டின் முழு நீளம். திரும்பி நின்று, "இதுக்குள்ள எத்தனை பிள்ளைங்க நிக்கலாம் தெரியுமா?" என்றார். "ஓடுறதுக்கு எல்லா டயரும் ஓடும். நிக்கிறதுலதான் இருக்கு."

அவர் இப்படிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம் தொடங்கும் சமயம், அவருடைய பேருந்தின் டயர்கள் வழவழவென்று ஆகிவிட்டன. டிப்போ மேலாளரிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். "இன்னும் ஒரு மாசம் தாங்கும்," என்றார் மேலாளர். நாலாவது முறை டிரைவரம்மா எழுதிக் கொடுக்கவில்லை. வண்டியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பதினோரு நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வேறு ஒருவர் அதே டயரில் அதே பேருந்தை ஓட்டினார். நாலாம் நாள் சிக்னலில் வண்டி வழுக்கிக்கொண்டு போய் ஒரு பால் வேனில் மோதியது. ஒரு பெண்பிள்ளைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. விசாரணை நடந்தது. அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? மழையே காரணம் என்று எழுதினார்கள். மழை வந்து இல்லையென்று மறுத்துப் பேசாது என்ற தைரியம். அன்று மூண்ட கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. யாராவது டயரைப் பற்றி அசட்டையாகப் பேசினால் காது சிவந்துவிடும்.

அப்படிப்பட்டவரைத் தனியாக டயர் கடைக்கு அனுப்பினால் ஏமாற்றிவிடுவார்கள் என்று மகள் நினைத்ததுதான் வேடிக்கை. துணைக்குத் தன் கணவரை அனுப்பி வைத்தாள். மாப்பிள்ளைக்கு நூலகத்தில் வேலை. சாதுவான மனிதர். சக்கரம் உருண்டையானது என்பதற்கு மேல் வண்டியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. தெரியும் என்று காட்டிக்கொள்கிறவரும் இல்லை.

ஊரிலேயே பெரிய டயர் கடை அது. கண்ணாடிச் சுவர், பளபளக்கும் தரை, காபி மெஷின், சுவர் நிறைய டயர்களை ஓவியம் போல மாட்டி வைத்திருந்தார்கள். டை கட்டிய விற்பனையாளர் எழுந்து வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சொல்லுங்க சார், என்ன வண்டி?"

"வண்டி அத்தையோடது," என்றார் மாப்பிள்ளை.

டிரைவரம்மா வண்டியைச் சொன்னார், டயரின் பெயரைச் சொன்னார், முன்பக்க அளவைச் சொன்னார், அதைவிட அகலமான பின்பக்க அளவையும் சொன்னார். விற்பனையாளர் முழுவதையும் கேட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசினார்.

"சார், அம்மா ஓட்டப்போறது கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும்தானே? அதுக்கு எதுக்கு சார் இந்த டயர்? எல்லா சீசனுக்கும் ஆகுற மாதிரி நல்ல ஐட்டம் ஒண்ணு இருக்கு. சத்தமே வராது. பெரியவங்களுக்கு அதுதான் சௌகரியம்."

"எந்த ஆஸ்பத்திரிக்கு?" என்று கேட்டார் டிரைவரம்மா.

"இல்லம்மா, பொதுவா சொன்னேன்."

"பொதுவா சொல்லாதீங்க. நான் பேர் சொல்லிக் கேட்டேன். இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

விற்பனையாளர் மாப்பிள்ளையைப் பார்த்து, 'இவங்களோட எப்படி சார் காலம் தள்ளுறீங்க' என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்தார். விற்பனையாளர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, முன்பக்கத்துக்கு இருக்கிறது, பின்பக்க அகலம் கிடங்கில் இருக்கிறது, வருகிற வியாழக்கிழமை வாருங்கள் என்றார். வீடு வந்து சேர்ந்தார்கள். இறங்கும்போது டிரைவரம்மா, "நான் என்ன சுவரா மாப்பிள்ளை? என்னை ஊடுருவி உங்களைப் பார்த்துப் பேசுறான்," என்றார்.

"தப்புதான் அத்தை. நான் அங்கேயே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்," என்று ஒத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி. வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். காத்திருக்கிறவர்களுக்கான அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு நர்ஸ், இரவு வேலை முடிந்து அப்படியே வந்தவள் போல, சீருடைக்கு மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்து அரைத் தூக்கத்தில் இருந்தாள். அவளுடைய வேனுக்கு நாலு டயரும் மாட்டி முடித்து வெளியே நிறுத்தியாகிவிட்டது. பணத்தையும் கட்டிவிட்டுச் சாவிக்காகக் காத்திருந்தாள்.

டிரைவரம்மாவுக்கு உட்காருகிற பழக்கம் கிடையாது. வாடிக்கையாளர்கள் உள்ளே வரக் கூடாது என்று எழுதியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு நேரே வண்டியிடம் போனார். முன்சக்கரங்கள் இரண்டும் மாட்டியாகிவிட்டன. குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் டயரின் பக்கவாட்டைத் துழாவினார். ஒவ்வொரு டயரிலும் சின்ன வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் அது எந்த வாரத்தில் செய்தது என்பது. பின் இரண்டும் எந்த வருஷம் என்பது. முன்சக்கரங்களில் இந்த வருஷம்தான் இருந்தது. புது ரப்பரில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முடிகள்கூட அப்படியே இருந்தன. சரி என்று பின்பக்கம் வந்தார்.

பின் டயர்கள் முன் டயர்களைவிடப் பளபளத்தன. அதுதான் அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. விரலை வைத்துத் தேய்த்தார். விரல் நுனி கருத்தது. ஏதோ மெழுகு. வெளிச்சத்தை அடித்து எண்ணைப் படித்தார். மறுபடியும் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது முறை படித்தார். ஆறு வருஷத்துக்கு முந்தின டயர். இரண்டுமே.

"இது எப்ப செஞ்சது?" என்று மெக்கானிக்கைக் கேட்டார். குட்டையான, நரைத்த மீசைக்காரர். அவர் கையிலிருந்த ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார். விற்பனையாளர் ஓடி வந்தார்.

"அம்மா, நீங்க உள்ளே வரக் கூடாது."

"வந்தாச்சு. இது எப்ப செஞ்சது?"

"புது டயர்தாம்மா. ஒரு கிலோமீட்டர்கூட ஓடலை."

"ஓடலைன்னு எனக்கும் தெரியும். ஆறு வருஷமா ஓடாம கிடந்திருக்கு."

"டயர் என்ன பாலா, புளிச்சுப் போக? ரப்பர்ம்மா." சொல்லிவிட்டு, வழக்கம்போல, வாசலில் வந்து நின்ற மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "சார், கொஞ்சம் அவங்களுக்குப் புரிய வைங்க."

மாப்பிள்ளை ஒரு நிமிஷம் யோசித்தார். "புரிய வேண்டியது எனக்குத்தாங்க," என்றார். "அவங்களுக்குத் தெரியும். அவங்ககிட்டயே பேசுங்க. என்னைப் பார்க்காதீங்க."

விற்பனையாளரின் வாய் திறந்தபடி நின்றது. டிரைவரம்மா மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் டயரைக் காட்டினார்.

"கேட்டுக்கங்க. முன்னாடி புது ரப்பர், நல்லாப் பிடிக்கும். பின்னாடி காய்ஞ்ச ரப்பர். இந்த வண்டியைத் தள்ளுறது பின்சக்கரம். மழையில ஒரு வளைவுல முன்பக்கம் பிடிச்சு நிக்கும், பின்பக்கம் வழுக்கி முன்னால வந்து நிக்கும். நான் எங்க போய் நிப்பேன்? சொல்லுங்க, எங்க நிப்பேன்?"

அவர் எங்கேயும் நிற்க வேண்டாம் என்று சொல்ல வந்தவர் போல மேனேஜர் வந்தார். கையில் காபிக் கோப்பை. குரலில் சர்க்கரை.

"அம்மா, உங்களுக்காக ஸ்பெஷலா விலையில குறைச்சுத் தர்றேன். மாட்டிக்கிட்டுப் போங்க."

"குறைச்சுத் தர வேண்டாம். நல்லதைத் தாங்க."

"இத்தனை வருஷத்துல யாரும் இப்படிக் கேட்டதில்லம்மா. எல்லாரும் சந்தோஷமா வாங்கிட்டுப் போறாங்க."

அந்த வார்த்தைதான் நெருப்பை மூட்டியது. டிரைவரம்மாவுக்குக் காது சிவந்தது. "கேட்கத் தெரியாதவங்க தலையில கட்டுறது. அப்புறம் யாரும் கேட்கலைன்னு சொல்றது. மெழுகு பூசினது யாரு? டயர் தானே பூசிக்கிச்சா? தெரிஞ்சேதானே பூசினீங்க? பழசுன்னு தெரியலைன்னா எதுக்கு மெழுகு?"

மேனேஜர் காபியை ஒரு வாய் குடித்தார். வெட்கப்பட்ட மாதிரியே தெரியவில்லை. "இஷ்டம் இருந்தா எடுங்க, இல்லன்னா விடுங்க," என்றார். சர்க்கரை தீர்ந்துவிட்டது.

டிரைவரம்மா திரும்பிக் காத்திருப்பு அறைக்குள் போனார். நடுவில் நின்றார். நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கடைசி சீட்டு வரைக்கும் அடக்கின குரல் அது, கத்தவே வேண்டியதில்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. உங்க டயர்ல சின்ன வட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும். கடைசி ரெண்டும் செஞ்ச வருஷம். என் வண்டிக்கு ஆறு வருஷப் பழசை மெழுகு பூசி மாட்டியிருக்காங்க. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி போய்ப் பாருங்க. எனக்காக வேண்டாம், உங்க பிள்ளைங்களுக்காகப் பாருங்க."

நர்ஸ் எழுந்தாள். வெளியே போய் வேன் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து தேடினாள். கண்ணாடிச் சுவர் வழியாக எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேனின் பின் சீட்டில் குழந்தைகளுக்கான இரண்டு சின்ன இருக்கைகள் கட்டியிருந்தன. அவள் ஒரு சக்கரத்திலிருந்து அடுத்த சக்கரத்துக்குப் போனாள். எழுந்து உள்ளே வந்தபோது தூக்கம் எங்கேயோ போயிருந்தது.

"நாலும் ஏழு வருஷம்," என்றாள். "நான் ராத்திரியெல்லாம் விபத்துல அடிபட்டவங்களுக்குக் கட்டுப் போட்டுட்டு வர்றேன். எனக்கே இதைச் செய்றீங்களா?"

அதற்கப்புறம் அறையில் யாரும் உட்காரவில்லை. தாடி வைத்த ஒருவர் தன் ஆர்டரை ரத்து செய்யச் சொன்னார். ஒரு தம்பதி சுவரில் மாட்டியிருந்த டயர்களையே இறக்கிப் படிக்க ஆரம்பித்தார்கள். மேனேஜர், வியாபாரத்தைக் கெடுக்கிறீர்கள், போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடுங்க," என்றார் மாப்பிள்ளை, நூலகத்தில் பேசுகிற அதே தாழ்ந்த குரலில். "எங்களுக்கும் ஒரு சாட்சி ஆச்சு." அதற்குள் அவர் தன் போனில் எட்டு டயர்களின் எண்களையும், கருத்துப்போன மாமியாரின் விரலையும் படம் எடுத்து வைத்திருந்தார். போலீஸை யாரும் கூப்பிடவில்லை.

பழைய டயர்களையே திரும்ப மாட்டச் சொன்னார் டிரைவரம்மா. மொட்டையாக இருந்தாலும் அவற்றின் குணம் அவருக்குத் தெரியும். மெதுவாக ஓட்டி வீடு போய்ச் சேரலாம். கடைசி நட்டை முடுக்கிவிட்டு மெக்கானிக் எழுந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "பின்பக்க அகலம் யாரும் கேட்கிறதில்லம்மா. கிடங்குல கிடந்துச்சு. மெழுகு போடச் சொன்னது அவங்க. போட்டது நான்தான்."

"சொன்னதுக்கு நன்றி," என்றார் டிரைவரம்மா. "போடாம இருந்திருக்கலாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். டிரைவரம்மாவுக்கு அவர்மேல் இரக்கம் வராமல் இல்லை. ஆனால் இரக்கப்பட்டு ஆறுதல் சொல்ல அன்று அவருக்கு மனசு வரவில்லை.

லாரிகள் நிற்கிற மைதானத்துக்குப் பின்னால் ஒரு கடை இருந்தது. காபி மெஷின் கிடையாது, கண்ணாடி கிடையாது. கடைக்காரர் அந்த மூன்றாவது டயரின் பெயரைக் கேட்டதும், "முன்பக்கம் இருக்கு. பின்பக்க சைஸ் வரவழைக்கணும், ஒன்பது நாள் ஆகும்," என்றார். "அவசரம்னா வேற இடத்துல பாருங்க." டிரைவரம்மாவுக்கு அவசரமில்லை. பத்தாம் நாள் போனபோது, அவர் கேட்பதற்கு முன்னாலேயே கடைக்காரர் டயரை உருட்டிக்கொண்டு வந்து, எண் தெரிகிற பக்கத்தைத் திருப்பி வைத்தார். ஐந்து வாரத்துக்கு முன்னால் செய்தது. டிரைவரம்மா தடவிப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது.

ஏரி மலைப்பாதைக்குப் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனார். வண்டியின் துணிக் கூரையை மடித்து வைத்திருந்தார்கள். பாதி வழியில் கோடை மழை பிடித்துக்கொண்டது. நிறுத்திக் கூரையை மூடுவதற்குள் லென்ஸ்காரர் நனைந்துவிட்டார். எட்டாவது வளைவில், முன்னால் போன சைக்கிள்காரர் கீழே விழுந்தார். டிரைவரம்மா பிரேக்கை மிதித்தார். வண்டி மூக்கைத் தாழ்த்தி, நேர்க்கோட்டில், ஒரு தள்ளாட்டமும் இல்லாமல் நின்றது. நடுவில் தாராளமாக இடம் இருந்தது. சைக்கிள்காரர் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். நடந்ததற்கும் நடந்திருக்கக்கூடியதற்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்று அந்த மனிதருக்குத் தெரிய வழியில்லை. டிரைவரம்மாவுக்குத் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"பயந்துட்டியா?" என்றார் புருஷன்.

"இல்ல. கோபம் வருது," என்றார். "அந்த நாய்ங்க மாட்டினதோட வந்திருந்தா?"

மீதி ஒன்பது வளைவையும் வளைவு மாதிரிதான் எடுத்தார். புருஷன் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் வந்தார். கீழே இறங்கி வந்ததும், "நல்லாத்தான் இருக்கு," என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

மாப்பிள்ளையும் டிரைவரம்மாவும் நர்ஸும் சேர்ந்து நுகர்வோர் அலுவலகத்துக்கு எழுதினார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நீங்கள் டயரை வாங்கவில்லை, ஆகவே உங்களுக்குப் பாதிப்பு இல்லை என்று டிரைவரம்மாவுக்கு எழுதியிருந்தார்கள். அவர் அந்தக் காகிதத்தைச் சத்தமாக இரண்டு முறை படித்தார். செத்துப்போன பிறகுதான் மனு கொடுக்கலாம் போலிருக்கிறது என்றார். மறுநாள் நர்ஸைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு அந்த அலுவலக வாசலில் போய் வண்டியை நிறுத்தினார். நர்ஸ் வாங்கியிருந்தாள், ரசீதும் வைத்திருந்தாள். அதிகாரி வந்து பேசுகிற வரைக்கும், ஒன்றரை மணி நேரம், இருவரும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

டயர் கடையில் சோதனை நடந்தது. கிடங்கிலிருந்து முப்பத்தெட்டு பழைய டயர்களை எடுத்துப் போனார்கள். நர்ஸின் வேனுக்கு வேறு நாலு மாட்டிக் கொடுத்தார்கள். இனிமேல் ரசீதில் டயர் செய்த தேதியை எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். மேனேஜர் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். நரைத்த மீசை மெக்கானிக்கை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட அன்று டிரைவரம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பூசச் சொன்னவன் இருக்கிறான், பூசினவன் போய்விட்டான் என்று அன்று முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். அதற்கும் ஒரு மனு எழுதினார். அது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

அந்தக் கோபத்தோடு ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்துக்கு அவர் போக ஆரம்பித்தார். வாரத்துக்கு ஒரு நாள், நர்ஸின் வேலை முடிகிற நேரத்தில். இரண்டு பேரும் வரிசை வரிசையாக நடந்து, குனிந்து குனிந்து எண்ணைப் படித்து, பழசு என்றால் கண்ணாடியில் ஒரு சீட்டை வைத்துவிட்டு வந்தார்கள். 'உங்கள் டயருக்கு வயதாகிவிட்டது. தயவுசெய்து பார்க்கவும்.' சிலர் சீட்டில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் பண்ணி நன்றி சொன்னார்கள். சிலர், உங்களுக்கு வேற வேலை இல்லையா என்று திட்டினார்கள். இல்லை என்று டிரைவரம்மா சொன்னார், ஓய்வு பெற்றுவிட்டேன்.

ஒரு நாள் மாலை மகள் போன் செய்தாள். பல் வலிக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாளாம்.

"அம்மா, என் வண்டியிலயும் சீட்டு வெச்சிருக்கே. அது என் வண்டின்னு தெரியலையா?"

"தெரிஞ்சுது. ஒன்பது வருஷ டயர். ரெண்டு சின்னப் பிள்ளைங்களை உட்கார வெச்சு ஓட்டிக்கிட்டு, எனக்கு வயசாச்சுன்னு சொல்றே."

அந்த லாரி மைதானக் கடை சனிக்கிழமை திறந்திருக்குமா என்று மகள் கேட்டாள். திறந்திருக்கும் என்றார் டிரைவரம்மா. எட்டு மணிக்கே போய்விடலாம், கூட்டம் இருக்காது.